சந்தனம் வைத்த பிரேக்

செப்டம்பர் 24, புதன்

சொட்டு மருந்து: காலை, மதியம், இரவு, மூன்று வேளையும் விட்டாயிற்று.

கண் டாக்டரம்மா சொன்னதற்காக ஆரம்பித்த நோட்டு இது. மருந்து விட்டோமா இல்லையா என்று தினமும் குறிக்க வேண்டுமாம். குறித்த கையோடு மூடி வைக்க எனக்கு மனசு வருவதில்லை. வீட்டில் ஆள் இருந்தும் பேச்சு இல்லை. அதனால் மிச்சத்தை இங்கே எழுதித் தீர்க்கிறேன்.

ஆள் என்றால் என் வீட்டுக்காரர் மாரப்பன். ஏற்காடு மலைப்பாதையில் பஸ் ஓட்டியவர். கல்யாணமான நாளிலிருந்து சேலத்துக்கு இறங்குவதும் ஏறுவதும்தான் இவர் பிழைப்பு. கண்ணுக்குள் பிரஷர் ஏறி, நரம்பு பட்டுப்போய், போன வருஷம் பார்வை போய்விட்டது. வெளிச்சம், இருட்டு, இவ்வளவுதான் தெரியும். அந்த வெளிச்சமாவது நிற்கட்டும் என்றுதான் இந்த மருந்து.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், யார் படிக்கப்போகிறார்கள். ஆனி மாதத்தில் ஒரு நாள் வேலை முடிந்து வந்து பார்த்தால் ஆளைக் காணோம். தேடிப் போனால் இருபதாவது வளைவில், தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். கையைப் பிடித்தேன். "காத்து வாங்க வந்தேன்" என்றார். காற்று சுவருக்கு இந்தப் பக்கமும்தான் அடிக்கிறது. கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். ஓசூரில் இருக்கும் மகளிடம் சொல்லவில்லை. டாக்டரம்மாவிடமும் சொல்லவில்லை. இவரும் நானும்கூட அதைப் பற்றிப் பேசியதில்லை.

இன்று நான் வேலை பார்க்கும் லாட்ஜில் ஒரு கூத்து. ஏரிக்கரை லாட்ஜ், சமையல்கட்டு என் பொறுப்பு. விருந்தாளிகள் ஜோடியாக மிதிக்கட்டும் என்று முதலாளி எங்கிருந்தோ ஒரு இரட்டை சைக்கிள் வாங்கிப் போட்டிருந்தார். நீளமான வண்டி, முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். இந்த மேட்டில் எந்தப் புது ஜோடி மிதிக்கும்? சும்மாவே கிடந்தது. "செண்பகம், நீயாவது எடுத்துட்டுப் போ, இடத்த அடைக்குது" என்றார். உருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தேன்.

இவர் வாசலில் உட்கார்ந்தபடியே வண்டியைத் தலை முதல் வால் வரை தடவிப் பார்த்தார். பின் கைப்பிடியில் இருந்த பிரேக்கை ஒரு விரலால் அழுத்தினார். விட்டார். மறுபடி அழுத்தினார்.

"இது எந்தச் சக்கரத்துக்கு?"

"பின் சக்கரத்துக்கு. முன் சக்கரத்து பிரேக் எங்கிட்ட இருக்கு."

"இதுல ஒருக்கா கீழ இறங்கிப் பாக்கணும் செண்பகம்."

இத்தனை மாதத்தில் இவர் வாயிலிருந்து வந்த முதல் 'வேணும்' இது. சாப்பாடு கூட வேண்டும் என்று கேட்டதில்லை. சந்தோஷப்படுவதா, பயப்படுவதா? கீழே என்றால் இருபது வளைவு. பக்கத்திலேயே பள்ளம். பின்னால் பிரேக் இவர் கையில். பார்க்கலாம் என்று சொல்லி வைத்தேன்.

செப்டம்பர் 27, சனி

மருந்து விட்டாயிற்று.

ஏரியைச் சுற்றிப் பழகினோம். ஓமலூரில் பள்ளிக்கூடம் போன காலத்தில் சைக்கிள் மிதித்த கால் எனக்கு, அது பரவாயில்லை. தகராறு பிரேக்கில்தான். "பிடிங்க" என்று நான் கத்தினால் இவர் கை அசைய மாட்டேன் என்கிறது. வம்பு இல்லையாம், கைக்கு உறைக்கவில்லையாம்.

"ஏங்க, காது கேக்குதுல்ல?"

"கேக்குது. நீ கத்தி நான் எந்தக் காலத்துல வண்டிய நிறுத்தியிருக்கேன்?"

வழக்கைத் தீர்த்து வைத்தது குப்புராஜ். இவரோடு பல வருஷம் கண்டக்டராக இருந்தவன், இப்போதும் அதே வண்டியில்தான் இருக்கிறான். சிரித்துக்கொண்டே கழுத்தில் கிடந்த விசிலைக் கழற்றி என்னிடம் கொடுத்தான். "அண்ணி, அண்ணன் வாய்க்கு அசைய மாட்டாரு. விசிலுக்குத்தான் அசைவாரு. ஒரு விசிலுன்னா நில்லு, ரெண்டுன்னா போ. ஊதிப் பாருங்க."

பல்லில் கடித்துக்கொண்டு ஒரு விசில் ஊதினேன். வண்டி பொத்தென்று நின்றது. நான் கைப்பிடிமேல் போய் மோதினேன். இரண்டு விசில் ஊதினேன். பிரேக்கை விட்டுவிட்டு மிதிக்க ஆரம்பித்துவிட்டார், அட! எனக்கே புல்லரித்துவிட்டது. எந்தக் கண்ணும் பார்க்காமல் அந்தக் கை எத்தனை வருஷத்தை ஞாபகம் வைத்திருக்கிறது!

ஐம்பது வயசில் ஏரிக்கரையில் விசில் ஊதிக்கொண்டு போகிறேன். டூரிஸ்ட் பிள்ளைகள் வீடியோ எடுக்கிறார்கள். எடுக்கட்டும்.

அக்டோபர் 1, புதன், ஆயுத பூஜை

மருந்து விட்டாயிற்று.

காலையிலேயே ஸ்டாண்டிலிருந்து ஹாரன் சத்தம். வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு, பஸ்ஸெல்லாம் பூசைக்கு நிற்கும். இவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். "எந்திரிங்க, பூசை போடணும்" என்றேன். "எனக்கு என்ன இருக்கு பூசை போட?" என்றார்.

எனக்கு வந்ததே கோபம். சைக்கிளை வாசலுக்கு இழுத்துவந்து கழுவினேன். முன்னால் இரண்டு பக்கமும் சின்ன வாழைக்கன்று கட்டினேன், பஸ்ஸுக்குக் கட்டுகிற மாதிரியே. செண்டுப்பூ மாலை. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். துணியில் தேங்காய் எண்ணெய் தொட்டு ஒரு இடம் விடாமல் துடைத்ததில் வண்டி பளபளவென்று ஆகிவிட்டது. அதிலும் சக்கரத்தின் நடுவில் ஓட்டை ஓட்டையாக ஒரு வட்டத் தகடு இருக்கிறதே, அதுதான் பிரேக் பிடிக்கிற இடம், அதைப் பெருமாள் கைச் சக்கரம் மாதிரி மின்ன வைத்துவிட்டேன். அப்புறம் கையைப் பிடித்து இவரை வெளியே இழுத்து வந்தேன்.

"இது என்ன தகடு?" என்று தடவிக் கேட்டார்.

"பிரேக் தகடு."

"அப்ப அதுக்குத்தான் மொதப் பொட்டு. பஸ்ஸுலயும் ஸ்டீரிங்குக்கு அப்புறந்தான். பிரேக் மிதிக்குத்தான் மொத வெப்பேன்."

சந்தனத்தைக் குழைத்து நீட்டினேன். கட்டைவிரலால் இரண்டு தகட்டிலும், இந்தப் பக்கம் அந்தப் பக்கம், அழுத்தி அழுத்திப் பொட்டு வைத்தார். மேலே குங்குமம். கற்பூரத் தட்டை நீட்டினேன். எங்கே என்று கேட்கவில்லை. சூடு வருகிற திசைக்கு இரண்டு கையையும் நீட்டி, கண்ணில் ஒற்றிக்கொண்டார். பூசணிக்காயை இவர்தான் உடைத்தார், ரோடு பூராவும் சிதறியது. ரொம்ப நாள் கழித்து இவர் முகத்தில் ஒரு களை. சுண்டல் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார்.

அக்டோபர் 2, வியாழன்

மருந்து: காலை விட்டேன். மதியம் விட முடியவில்லை.

விஜயதசமி, நல்ல நாள் என்று வண்டியை எடுத்தோம். லாட்ஜுக்குப் பின்னால் எஸ்டேட் இறக்கம். முதலில் நன்றாகத்தான் போயிற்று. சரிவு கூடவும் ஒரு விசில் ஊதினேன். வண்டி நிற்கவில்லை. மறுபடி ஊதினேன், மூச்சுப் போகிற மட்டும் ஊதினேன். கிறீச்சென்று ஒரு சத்தம், யானை பிளிறுகிற மாதிரி. நான் கத்தினேனா வண்டி கத்தியதா தெரியாது. என் பிரேக்கும் பிடிக்கவில்லை, இரண்டு ஆள் பாரத்துக்கு என் விரல் எம்மாத்திரம். திருப்பத்தில் நேராக உண்ணிச்செடிப் புதருக்குள் போய் விழுந்தோம்.

உடம்பு பூரா முள் கீறல், எலும்புக்கு ஒன்றும் இல்லை. அந்தப் புதர் இல்லாவிட்டால் அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். இவருக்கும் தெரியும், பிறந்து வளர்ந்த மலை.

புதருக்குள் கிடந்தபடியே இவர் சொன்னார்: "நான் பிடிச்சேன் செண்பகம். நிக்கல."

சரி என்று மட்டும் சொன்னேன்.

அக்டோபர் 3, வெள்ளி

மூன்று வேளையும் மருந்து விட்டாயிற்று. சைக்கிளைப் பின்கொட்டகையில் போட்டுப் பூட்டிவிட்டேன். சாவி என் முந்தானை முடிச்சில் இருக்கிறது.

அக்டோபர் 5, ஞாயிறு

மருந்து விட்டாயிற்று.

மகள் போன் பண்ணினாள். அப்பா எப்படி இருக்கார் என்றாள். நல்லா இருக்கார் என்றேன். போனை வைத்த பிறகு இவர் கேட்டார்.

"நான் பிடிச்சேன்னு சொன்னேன்ல. நீ ஒன்னுமே சொல்லலையே?"

"என்ன சொல்லணும்? சாப்பிடுங்க."

தட்டைத் தள்ளி வைத்துவிட்டார். பிடித்தாரா, பிடிக்கவில்லையா? உலை கொதிக்கும்போதும் அதே நினைப்பு, காய் நறுக்கும்போதும் அதே நினைப்பு. பிடித்தார் என்றால் ஏன் நிற்கவில்லை? பூசைக்கு முன்னால் வரை ஒரு விசிலுக்குப் பொத்தென்று நின்ற வண்டி. பிடிக்கவில்லை என்றால்... அதை எழுத மாட்டேன்.

அக்டோபர் 6, திங்கள்

மருந்து: காலை விட்டேன். மற்ற வேளையைப் பிறகு குறிக்கிறேன், முதலில் இதை எழுதியாக வேண்டும்.

லாட்ஜ் போனிலிருந்து சேலத்தில் ஒரு சைக்கிள் கடைக்குப் பேசினேன். கடைக்காரர் பெயர் அன்வர். பின்னால் உள்ள பிரேக்கை எடுத்து முன்னால் என் கைக்கே மாற்றிக் கொடுக்க முடியுமா என்று கேட்டேன். இவரிடம் சொல்லாமல்தான். பின்னால் உட்காருகிறவர் கையில் பிரேக் வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார். விழுந்த கதையை அரைகுறையாகச் சொன்னேன்.

"ரெண்டு பிரேக்குமே பிடிக்கலையா மேடம்?"

அப்போதுதான் எனக்கே உறைத்தது. என் பிரேக்கும்தானே பிடிக்கவில்லை!

"ஆமாங்க. ரெண்டும்."

"பிடிக்கறப்ப கத்துச்சா?"

"யானை பிளிறுற மாதிரி கத்துச்சு. பின்னாலிருந்து."

"தகட்டுல எண்ணெ கிண்ணெ பட்டுச்சா?"

தேங்காய் எண்ணெய், பூசைக்குத் துடைத்தேன் என்றேன். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். "ஆயுத பூஜை முடிஞ்சா எனக்கு இதே பாடுதான் மேடம். பக்தியா எண்ணெ போட்டுத் தொடைச்சு, சந்தனம் வெச்சுருவாங்க. அந்தத் தகட்ட ரெண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கற கட்டை எண்ணெய உறிஞ்சிரும். அப்புறம் பயில்வான் பிடிச்சாலும் நிக்காது. வழுக்கும், கத்தும்."

"கத்துச்சுன்னா..."

"கத்துச்சுன்னா யாரோ அழுத்திப் பிடிச்சிருக்காங்கனு அர்த்தம். பிடிக்காம அது எப்படிக் கத்தும்?"

போனை வைத்துவிட்டு அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். அழுகையா சிரிப்பா என்று எனக்கே தெரியவில்லை. சமையல்காரப் பெண்கள் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்கள். பிடித்திருக்கிறார்! தன் பலம் எல்லாம் கொடுத்துப் பிடித்திருக்கிறார். நான்தான் எண்ணெய் தடவினேன். அப்பாடா, தப்பு முழுக்க என்னுடையது! தன் தப்பு என்று தெரிந்து இவ்வளவு சந்தோஷப்பட்ட பொம்பளை ஏற்காட்டில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பிரேக்கை மாற்ற வேண்டாம், புதுக் கட்டை மட்டும் அனுப்புங்கள் என்று திரும்பப் பேசிச் சொல்லி, மாட்டுகிற விதத்தையும் கேட்டுக்கொண்டேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

மருந்து விட்டாயிற்று.

நேற்றே சொல்லியிருக்கலாம், வாய் வரவில்லை. இன்று காலை காபியைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னேன். எண்ணெய் நான் தடவினது, அதனால்தான் பிரேக் பிடிக்கவில்லை என்று.

கொஞ்ச நேரம் காபியையே ஊதிக்கொண்டிருந்தார்.

"தேங்கா எண்ண வாசம் அன்னிக்கே அடிச்சுது. மொத்த சர்வீஸ்ல பிரேக் பக்கம் எண்ணெயக் கொண்டுபோக விட்டதில்ல நானு. வாசம் தெரிஞ்சும் அதும்மேலயே பொட்டு வெச்சேன் பாரு." பிறகு கேட்டார், "நீ என்ன நெனச்ச?"

"ஒன்னும் நெனக்கல."

"நெனச்ச."

"நெனச்சேன்" என்றேன்.

டம்ளரைக் கீழே வைத்தார். "சுவத்துக்கு அந்தாண்ட நின்னேனே, அது நெசம். காத்து வாங்க இல்ல. ஆனா இது ஆள் ஏத்துன வண்டி செண்பகம். நீ முன்னால உக்காந்திருக்கே. ஆள் இருக்கற வண்டில நான் பிரேக்க விட்டுட்டு உக்காருவனா?"

அவ்வளவுதான் சொன்னார். நான் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதேன். கண் தெரியாதவருக்கு முன்னால் மறைத்து அழுவது எவ்வளவு மடத்தனம் என்று பாதியில்தான் தோன்றியது. அதன் பிறகு சத்தமாகவே அழுதேன்.

அக்டோபர் 8, புதன்

மருந்து விட்டாயிற்று. சாயங்கால பஸ்ஸில் குப்புராஜ் பொட்டலத்தைக் கொண்டுவந்து கொடுத்தான். பிரித்துப் பார்த்தால் தீப்பெட்டியைவிடச் சின்னது. "இதா நம்ம ரெண்டு பேரையும் நிறுத்தப்போகுது?" என்றேன். "பஸ்ஸு பிரேக் கட்டையப் பாத்தா மட்டும் நம்புவியா? அம்பது பேரு அத நம்பித்தான் தூங்கிட்டு வருவான்" என்றார்.

அக்டோபர் 9, வியாழன்

மருந்து விட்டாயிற்று.

லீவு போட்டேன். வண்டியைக் கவிழ்க்கக் கூடாது, குழாய்க்குள் காற்று ஏறிவிடும் என்று அன்வர் சொல்லியிருந்தார். கொட்டகை உத்திரத்தில் கயிறு கட்டிப் பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தினோம். நான் கண், இவர் கை என்று பேச்சு.

பின் சக்கரத்தைக் கழற்றினோம். தகடு சுழல்கிற சந்தில் ஒரு சின்ன இரும்புப் பெட்டி, அதற்குள்தான் கட்டைகள் இரண்டும். குறுக்கே ஒரு கம்பி முனை மடங்கிக் கிடந்தது. இவர் குறடால் அதை நிமிர்த்தி உருவினார். பழைய கட்டைகள் வெளியே வந்தன. மோந்து பார்த்தேன், சாட்சாத் தேங்காய் எண்ணெய், கொஞ்சம் சந்தன வாசமும். இவர் மூக்குக்கு நேரே பிடித்தேன். "நல்லா பூசை பண்ணியிருக்கோம்" என்றார்.

தகட்டைத் துடைக்க ஸ்பிரிட் எடுக்க உள்ளே போனேன், ஊசி போடும் முன் தேய்ப்பார்களே அதே ஸ்பிரிட்தான். சக்கரம் இல்லாதபோது பிரேக்கை அழுத்தவே கூடாது என்று அன்வர் அடித்துச் சொல்லியிருந்தார். நானும் இவரிடம் சொல்லியிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் மனுஷன் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்!

"ஐயோ, அழுத்தாதீங்கன்னு சொன்னேன்ல!"

"வண்டிய எடுக்கறதுக்கு முன்னால பிரேக்க ஒருக்கா அழுத்திப் பாக்காத டிரைவர் இருக்கானா? கை தானாப் போயிருச்சு."

"விட்ராதீங்க, அப்படியே லேசாப் பிடிச்சிருங்க" என்று சொல்லிக் குனிந்து பார்த்தேன். பெட்டிக்குள் இரண்டு பக்கமும் இரண்டு சின்ன வட்டங்கள், எதிரெதிரே வெளியே வந்து கிட்டத்தட்ட முட்டிக்கொண்டு நின்றன. இவர் அங்கே கைப்பிடிப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார். நடுவில் இருப்பதோ ஈர்க்குச்சிப் பருமனில் ஒரு கறுப்புக் குழாய், அதற்குள் கொஞ்சம் எண்ணெய். சங்கிலி இல்லை, கம்பி இல்லை. ஒரு விரல் அசைந்ததற்கு இங்கே இரும்பு நகர்ந்திருக்கிறது! இத்தனை நாள் இதன்மேல் உட்கார்ந்து போயிருக்கிறேன், இது தெரியாமல்.

அதைப் பழையபடி உள்ளே தள்ள வேண்டும். ரசம் கலக்குகிற மரக்கரண்டியின் காம்பில் துணி சுற்றி, வட்டத்தின்மேல் வைத்து, மெதுவாகத் தள்ளினேன்.

"செண்பகம்!" என்றார் இவர்.

"என்னங்க?"

"நீ அங்க தள்றது எனக்கு இங்க தெரியுது. என் விரல நீ மேல தூக்கற."

இன்னொரு தரம் தள்ளினேன். "ம்" என்றார். நிறுத்தினேன். "நிறுத்திட்ட" என்றார். நான் அந்தப் பக்கம், இவர் இந்தப் பக்கம், நடுவில் அந்தத் துளி எண்ணெய். நான் மூச்சு விடாமல் தள்ள, இவர் அதை விரலில் வாங்கிக்கொண்டே கைப்பிடியைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்தார். இரண்டு வட்டமும் உள்ளே போய் உட்கார்ந்தன. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேச முடியாத வீட்டில் இப்படி ஒரு பேச்சு நடக்கும் என்று யார் நினைத்தது? எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

"கண்ணுக்குள்ள பிரஷர் ஏறுனா பார்வை போவுது. இதுக்குள்ள பிரஷர் ஏறுனாத்தான் வண்டியே நிக்குது" என்று சொல்லிச் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை, ஆனாலும் சிரித்தேன்.

புதுக் கட்டையின் முகத்தில் விரல் படக் கூடாது, விரல் பிசுக்கே ஆகாதாம். ஓரத்து நுனியை மட்டும் பிடித்து, இரண்டு கட்டைக்கும் நடுவில் மெல்லிய ஸ்பிரிங் ஒன்றை வைத்து, சேர்த்து அழுத்தி உள்ளே விட வேண்டும். எனக்கு அந்த ஸ்பிரிங் துள்ளித் துள்ளிச் செம்மண்ணில் விழுந்தது. இவர் வாங்கி முதல் தரமே உள்ளே விட்டுவிட்டார். அந்தக் கம்பியை மாட்டி முனையை மடக்கியது நான். முன் சக்கரத்தையும் அதே மாதிரி செய்து முடிக்க மத்தியானம் தாண்டிவிட்டது. ஸ்பிரிட் போட்டுத் தகட்டை நான் தேய்த்த தேய்ப்பில் சந்தனம், குங்குமம், எண்ணெய் எல்லாம் கறுப்பாக வந்தது. சாமி கோவித்துக்கொள்ளாது.

அக்டோபர் 10, வெள்ளி

மருந்து விட்டாயிற்று.

புதுக் கட்டை உடனே பிடித்துவிடாது, பழக்க வேண்டும். கொஞ்சம் வேகம் எடு, லேசாகப் பிடி, நிற்கும் முன் விடு, மறுபடி வேகம் எடு. ஏரி ரோட்டில் அதே வேலை. விசில் ஊதி ஊதி எனக்கு வாய் வலி. முதலில் வழுக்கியது. போகப் போகப் பிடி வந்தது. கடைசியில் ஒரு விசிலுக்கு வண்டி தரையோடு ஒட்டியது போல் நின்றது.

"புதுப் பொண்டாட்டி மாதிரி, பழகப் பழகத்தான்" என்றார். ரோட்டில் வைத்து இந்தப் பேச்சு. முதுகுக்குப் பின்னால் கையை நீட்டி ஒரு அடி வைத்தேன்.

இன்னொன்று. தகடு எவ்வளவு சூடாகும் என்று அன்வர் சொன்னது உண்மைதான். எச்சில் தொட்டுத் தெளித்தேன், சுர்ரென்றது. நம்முடைய வேகமெல்லாம் சூடாக மாறி அதில் வந்துவிடுகிறதாம். தொட்டால் கை வெந்துவிடும் என்று இவரிடம் சொல்லி வைத்தேன்.

அக்டோபர் 11, சனி

மருந்து விட்டாயிற்று. மழை. சாவியை முந்தானையிலிருந்து அவிழ்த்து ஆணியில் மாட்டினேன். நாளைக்கு ரோடு காய்ந்திருந்தால் இறங்குகிறோம்.

அக்டோபர் 12, ஞாயிறு

ரோடு காய்ந்திருந்தது.

வண்டிக் கூட்டம் ஏறும் முன் கிளம்பிவிட்டோம். இவர் காக்கிச் சட்டையைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். வயிற்றுப் பக்கம் தொளதொளவென்று இருந்தது. நான் விசிலைப் பல்லில் கடித்துக்கொண்டேன். மருந்து பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டேன்.

மேலே பனிமூட்டம். வளைவுகளை அடிவாரத்திலிருந்து எண்ணுவதால், இறங்கும்போது முதலில் வருவதே அந்த இருபதாவது வளைவுதான். தடுப்புச் சுவர் பனிக்குள்ளிருந்து வெளியே வந்தது. நான் ஊதவில்லை. ஊதும் முன்பே பின்னால் பிரேக் விழுந்தது. வண்டி நின்றுவிட்டது. காலை ஊன்றினேன். சுவருக்கும் எங்களுக்கும் நடுவில் கை நீட்டுகிற தூரம்தான். பின்னால் திரும்பிப் பார்க்கவும் தைரியம் இல்லை.

"இங்கதான?" என்றார்.

"ஆமாங்க."

பள்ளத்திலிருந்து காற்று வந்தது. இவர் மூச்சு விடுகிற சத்தம் என் கழுத்துக்குப் பின்னால் கேட்டது. என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் மாட்டேன்.

"ரெண்டு விசில் ஊது" என்றார்.

முதல் தரம் காற்றுத்தான் வந்தது. அப்புறம் ஊதினேன், இரண்டு. பிரேக் விட்டது. வண்டி உருண்டது.

அதற்குப் பிறகு நடந்ததை எப்படி எழுதுவது? நான்கைந்து வளைவு வரை விசில் ஊதினேன். பிறகு தேவைப்படவில்லை. வளைவுக்கு வளைவு நான் ஊதுவதற்கு ஒரு நொடி முன்னால் இவர் பிடித்துவிடுகிறார், திரும்பி முடித்ததும் விடுகிறார். "பிடிச்சு விடணும், பிடிச்சே வந்தா தகடு கொதிச்சிரும், உன்னதையும் விடு" என்கிறார். "இப்ப வலதுல பலா மரம் வரும், தாண்டுனதும் மடக்கு" என்கிறார், பலா மரம் வருகிறது. "தண்ணி சத்தம் கேக்குதா, வெளியோரமா ஏறி உள்ள வா" என்கிறார், பாறையில் தண்ணீர் வழிகிறது. என் கண்ணுக்கு அடுத்த வளைவு வரைதான் ரோடு. இவருக்கு மலை பூராவும் அப்படியே உள்ளே இருக்கிறது. ஓட்டுவது நான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது.

பாதியில் பனி விலகியது. அம்மாடி! கீழே சேலம், வெயிலில் விரித்துப் போட்ட மாதிரி. மேட்டூர் பக்கம் வரைக்கும் ஆகாசம். இத்தனை வருஷம் பஸ்ஸில் வாந்தி வரும் என்று கண்ணை மூடிக்கொண்டே இறங்கியிருக்கிறேன், பாவி. "எல்லாம் தெரியுதுங்க" என்று கத்தினேன். "தெரியும். தெனம் பாத்ததுதான்" என்றார்.

அப்புறம் ஒரு இடத்தில் திடீரென்று ஓரம் கட்டச் சொன்னார். ஏன் என்று புரியவில்லை. "மேல ஏறுற வண்டிக்குத்தான் வழி" என்றார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்கு என்ஜின் சத்தமே கேட்டது. குப்புராஜின் பஸ்! படிக்கட்டில் தொங்கிக்கொண்டு, "அண்ணே! அண்ணே!" என்று கத்தினான். டிரைவர் ஹாரனை விடாமல் அடித்தார். சன்னலெல்லாம் தலைகள். இவர் டிரைவர்கள் காட்டுகிற மாதிரி உள்ளங்கையை லேசாக உயர்த்திக் காட்டினார், அவ்வளவுதான். அந்தக் கெத்துக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை.

அடிவாரத்தில் புளியமரத்து நிழலில் நிறுத்தினோம். இரண்டு தகடும் காய்ந்த தோசைக்கல் மாதிரி இருந்தன, பக்கத்தில் நின்றாலே அனல்.

"சூடா இருக்கா?"

"தொட்டுறாதீங்க."

தொடவில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சூடு வருகிற திசையைத் தேடி இரண்டு உள்ளங்கையையும் நீட்டினார். தகட்டுக்குக் கொஞ்சம் தள்ளிக் காட்டியபடி அப்படியே இருந்தார். பிறகு அந்த இரண்டு கையையும் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இளநீர்க் கடைக்காரர் சீவுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து கையை நீட்டி ஒற்றிக்கொண்டேன்.

காலை மருந்து: அங்கேதான், புளியமரத்தடியில் விட்டேன். ஏற்கெனவே கண் நனைந்து கிடந்ததால் மருந்து நின்றதா வழிந்ததா தெரியவில்லை. இன்னொரு சொட்டு விட்டேன்.